எலிக்கு ஆறிய புண் நமக்கும் ஆறுமா? மூலிகையும் அல்சரும்: கேள்வி பதில்

பார்மசி கல்லூரி ஒன்றில் 26 வருடம் மருந்தியல் நடத்தியவன் நான். வருடா வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் இரண்டு பேராவது ஏதாவது ஒரு இலையைக் கொண்டுவந்து, "சார், இதுக்கு ஆன்டி-அல்சர் பார்க்கலாமா?" என்று நிற்பார்கள். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இங்கே பதில் சொல்கிறேன். நான் வைத்தியர் இல்லை. "எனக்கு எத்தனை மில்லி?" என்று கேட்காதீர்கள். மற்றபடி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

செல்வி, தேனி: ஐயா, மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணை ஆற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வயிற்றுப்புண்ணையும் ஆற்றும் என்று எங்கள் அப்பத்தா சொல்வார். இதற்கு ஆராய்ச்சி ஏதும் உண்டா?

உண்டு அம்மா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் மணத்தக்காளிப் பழச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2006-இல் கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றில் அமிலத்தை இறைக்கிற 'புரோட்டான் பம்ப்' மந்தப்பட்டது, புண்ணும் குறைந்தது. ஒமிபிரசோல் மாத்திரை அடைக்கிறதும் இதே பம்பைத்தான். அப்பத்தா சொன்னதில் விஷயம் இருக்கிறது.

ஆனால் இந்த எலிச் சோதனை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இனி வரும் பதில்கள் பாதி தானாகவே புரியும். எலியை ஒரு நாள் பட்டினி போடுவோம், தண்ணீர் மட்டும் உண்டு. மறுநாள் காலை மூலிகைச் சாற்றைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவோம். ஒரு மணி நேரம் கழித்து ஒரு மில்லி சுத்த ஆல்கஹால். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வயிற்றை எடுத்து, வளைவின் வெளி ஓரமாகக் கத்தரித்து, உப்புத் தண்ணீரில் அலசி, தக்கைப் பலகையில் விரித்துக் குண்டூசி குத்துவோம். சாறு குடிக்காத எலியின் வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடுகள் புளியம்பழ நார் மாதிரி நீளநீளமாக ஓடும். சாறு குடித்த எலிக்கு, நல்ல மூலிகையாக இருந்தால், வெளிர் ரோஜா நிறத்தில் சில புள்ளிகள்தான். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு கோட்டையும் மில்லிமீட்டரில் அளந்து கூட்டினால் 'அல்சர் இன்டெக்ஸ்' வந்துவிடும். முதல் தடவை அந்த வித்தியாசத்தைப் பார்க்கிற பிள்ளை மருந்தையே கண்டுபிடித்துவிட்டதாகத் துள்ளும். நானும் ஒரு காலத்தில் துள்ளியவன்தான்.

இதில் சாறு முதலில், புண் பிறகு. அதாவது புண் வராமல் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. நம்மிடம் வருகிறவருக்கோ ஏற்கெனவே புண் இருக்கிறது. இருக்கிற புண் ஆறுகிறதா என்று பார்க்க அசிட்டிக் அமிலத்தால் புண் உண்டாக்கி நாள்கணக்கில் கவனிக்கிற வேறு முறை உண்டு. மணத்தக்காளிக்கு அதையும் செய்தார்கள், அதிலும் பலன் தெரிந்தது. பல மூலிகைகளின் ஆராய்ச்சி அதுவரை போவதே இல்லை. மூன்றாவதாக, புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கொல்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. தடுப்பது, ஆற்றுவது, கிருமியைக் கொல்வது ஆகிய மூன்றையும் 'அல்சருக்கு நல்லது' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான். உங்கள் கீரையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பாலமுருகன், கரூர்: சார், எண்டோஸ்கோபியில் டியோடினத்தில் (சிறுகுடலின் ஆரம்பப் பகுதி) புண், ஹெச். பைலோரி கிருமி பாசிட்டிவ் என்று வந்தது. 14 நாளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரை எழுதியிருக்கிறார்கள். நாலு நாள் போட்டதில் வாயெல்லாம் கசக்கிறது. இதை நிறுத்திவிட்டு வேப்பம்பட்டையும் அதிமதுரமும் எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. பாக்கி 10 நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள்.

அல்சர் என்றால் கவலை, காரம், பட்டினி என்றுதான் உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும்தான் அதை மாற்றினார்கள், காரணம் ஹெச். பைலோரி என்ற கிருமி என்றார்கள். இந்தக் கிருமியை வளர்க்கப் பல தடவை முயன்று தோற்றார்கள். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அப்போதும் யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு.

மூலிகையால் இந்தக் கிருமியைக் கொல்ல முடியாதா? ஆய்வுக்கூடத் தட்டில் கொல்கிற மூலிகைகளுக்குப் பஞ்சமே இல்லை. கிரேக்க நாட்டின் கியோஸ் தீவில் மஸ்திகி என்று ஒரு பிசின் உண்டு. அது ஹெச். பைலோரியைக் கொல்கிறது என்று 1998-இல் பெரிய மருத்துவ இதழிலேயே வந்தது. அப்புறம் சில நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒருவருக்கும் கிருமி ஒழியவில்லை. ஜப்பானில் 48 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 70 கிராம் பிராக்கோலி முளை எட்டு வாரம் கொடுத்தார்கள். கிருமியின் அடையாளங்கள் குறைந்தன. நிறுத்தி இரண்டு மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டன. இந்தக் கிருமி இரைப்பையின் சளிப்படலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கிறது. தட்டில் போடுகிற அளவு மருந்து அங்கே போய்ச் சேர்வதில்லை.

நாலு நாளில் நிறுத்தினால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகள் நம் நாட்டில் ஏற்கெனவே அதிகம். அரைகுறையாக மருந்து போட்டால் உங்கள் வயிற்றுக்குள்ளேயே அதற்குப் பயிற்சி கொடுத்த மாதிரி ஆகிவிடும். மருந்து முடிந்து நான்கு வாரம் போனபின் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து கிருமி போய்விட்டதா என்று பாருங்கள். சோதனைக்கு முந்தைய இரண்டு வாரம் ஒமிபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை போடக் கூடாது, போட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆயிஷா, காயல்பட்டினம்: அதிமதுரத் துண்டைக் கொடுப்பில் ஒதுக்கிக்கொண்டால் நெஞ்செரிச்சல் அடங்குகிறது. தினமும் செய்யலாமா சார்? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன்.

பிரஷர் இருக்கிற உங்களுக்குத் தினமும் கூடாதும்மா.

இத்தனைக்கும் அல்சருக்கு மனிதர்களிடம் சோதித்த மூலிகைகளில் அதிமதுரத்துக்குத்தான் பெரிய வரலாறு. 1940-களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் இதன் சாற்றைக் கொடுத்துப் புண் ஆறுவதைக் கண்டார். கூடவே சிலருக்கு முகமும் காலும் வீங்கின. பிறகு இதிலிருந்து கார்பினாக்சலோன் என்ற மருந்தையே செய்து இங்கிலாந்தில் அல்சருக்குக் கொடுத்தார்கள். அதிலும் இதே வீக்கம், இதே பிரஷர். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்குகிறது. அதனால் கார்டிசால் ஹார்மோன், உப்பைப் பிடித்துவைக்கிற ஆல்டோஸ்டிரோன் மாதிரி நடக்க ஆரம்பிக்கிறது. உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் வெளியேறும்.

எங்கள் சித்தப்பா ஒருவர் நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரப் பொடி வாங்கி, காலையும் மாலையும் இரண்டு மாதம் கஷாயம் வைத்துக் குடித்தார். நெஞ்செரிச்சல் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். ஒரு நாள் செருப்புக்குள் கால் நுழையவில்லை. கணுக்காலை அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பிரஷர் 180-க்கு மேலே. பொடியை நிறுத்திய சில வாரத்தில் வீக்கம் வடிந்தது. கிளிசிரைசினை நீக்கிய அதிமதுர மாத்திரைகளும் விற்கிறார்கள், அவற்றில் இந்தத் தொந்தரவு குறைவு. ஆனால் புண்ணை ஆற்றுவதில் அவை அவ்வளவு சாமர்த்தியம் காட்டவில்லை.

பெயர் வேண்டாம் என்று சொன்னவர்: முட்டைக்கோஸ் சாறு?

1949-இல் கலிபோர்னியாவில் கார்னெட் செனி என்ற மருத்துவர் 13 அல்சர் நோயாளிகளுக்குத் தினம் சுமார் ஒரு லிட்டர் பச்சை முட்டைக்கோஸ் சாறு கொடுத்தார். டியோடினப் புண்கள் சராசரியாகப் பத்தே நாளில் ஆறின என்று எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க சாறு குடிக்காத குழு அதில் இல்லை. அந்தச் சத்துக்கு 'வைட்டமின் யு' என்று பெயர் வைத்தார், உண்மையில் அது வைட்டமின் இல்லை. ஜப்பானில் இன்றும் அதே சத்தை வைத்துக் 'கேபெஜின்' என்று வயிற்று மாத்திரை விற்கிறது. கேபேஜிலிருந்து வந்த பெயர்தான். பொரியல் செய்து சாப்பிட்டால் அந்தச் சத்து முழுசாக மிஞ்சாது. முட்டைக்கோஸ் வேகும்போது ஒரு நாற்றம் வருமே, அந்தச் சத்து சிதைந்து வெளியேறுவதும் அந்த நாற்றத்தில் கலந்திருக்கிறது. ஒரு லிட்டர் பச்சைச் சாறு குடிக்கிற தைரியம் எனக்கு இல்லை. வயிறு உப்பிவிடும்.

முத்துக்குமார், விருதுநகர்: காரம் சாப்பிட்டதால்தான் அல்சர் வந்தது என்று வீட்டில் மிளகாயையே நிறுத்திவிட்டார்கள். நியாயமா?

அநியாயம். டெல்லியில் 50 டியோடின அல்சர் நோயாளிகளைப் பிரித்து, பாதிப் பேருக்குச் சாப்பாட்டோடு தினம் 3 கிராம் மிளகாய்த்தூள் கொடுத்தார்கள். 1984-இல் வந்த முடிவு: நான்கு வாரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆறியிருந்தது. 1995-இல் சிங்கப்பூர்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆஸ்பிரினுக்கு முன்னால் மிளகாய் சாப்பிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு வயிற்றுச் சேதம் குறைவாக இருந்ததைக் காட்டினார்கள். அதற்காகப் புண் இருக்கும்போது எரிகிறதென்றால் வம்படியாகச் சாப்பிட வேண்டாம். எரிச்சல் வேறு, புண் வேறு. எரியாவிட்டால் வீட்டில் இதைக் காட்டுங்கள்.

கலைவாணி, திருவாரூர்: அம்மாவுக்கு 67 வயது. மூட்டுவலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் போடுகிறார். வயிற்றைக் காப்பாற்ற மணத்தக்காளி சூப், வாழைக்காய்ப் பொடி கொடுத்தால் போதுமா?

போதாது. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் கறாராகவே பதில் சொல்கிறேன்.

வலி மாத்திரை வயிற்றை அரிப்பது அங்கே பட்ட இடத்தில் மட்டும் இல்லை. ரத்தத்தில் கலந்த பிறகு, புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் தடுக்கிறது. இரைப்பையின் சளிப்படலம், அமிலத்தைச் சமன் செய்கிற பைகார்பனேட், உள்சுவருக்குப் போகிற ரத்த ஓட்டம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. "சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது" என்பது ஓரளவுதான் உண்மை, ஊசியாகப் போட்டாலும் புண் வரலாம்.

வாழைக்காய்க்கு நல்ல எலி ஆராய்ச்சி இருக்கிறது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் 1960-களிலேயே தொடங்கினார்கள். பிறகு இங்கிலாந்தில் ஆஸ்பிரின் கொடுத்த எலிகளை வைத்து, வாழைக்காய்ப் பொடி காப்பாற்றுகிறது, பழம் காப்பாற்றவில்லை என்று கண்டார்கள். 1999-இல் லியூகோசயனிடின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அது சளிப்படலத்தைத் தடிமனாக்குகிறது. அதை நம்பி 67 வயது அம்மாவுக்குத் தினமும் டைக்ளோஃபினாக் கொடுக்கலாமா என்றால், நான் என் அம்மாவுக்குக் கொடுக்க மாட்டேன். இந்த மாத்திரை தினமும் தேவையா, தைலமாகத் தடவினால் ஆகாதா, கூடவே அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் வேண்டுமா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வயதானவர்களுக்கு வலியே இல்லாமல் புண் இருந்து, ரத்தம் கசிவதுதான் முதல் அறிகுறியாக இருக்கலாம். மலம் தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனாலோ, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வந்தாலோ, வயிறு திடீரென்று பலகையாக இறுகி வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் கஷாயம் எதுவும் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் மலம் கருக்கும். அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்று பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

அருண், கோவை: இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் மூலிகைச் சாறு ஒன்றாவது உண்மையான மருந்தாகியிருக்கிறதா, இல்லை எல்லாம் கட்டுரையோடு சரியா?

ஆகியிருக்கிறது. தென் கொரியாவில் நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு ஆர்டிமீசியாச் செடியின் சாறு, 'ஸ்டில்லன்' என்ற பெயரில் இரைப்பை அழற்சிக்கான மாத்திரையாக 2002 முதல் விற்பனையில் இருக்கிறது. தாய்லாந்துச் செடி ஒன்றிலிருந்து பிளானோடால் என்ற அல்சர் மருந்தை ஜப்பான்காரர்கள் கொண்டுவந்தார்கள்.

மஞ்சளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தாய்லாந்தில் 45 பேருக்கு மஞ்சள்தூள் கேப்சூல் கொடுத்த ஆய்வில், புண் இருந்த 25 பேரில் 19 பேருக்குப் 12 வாரத்தில் ஆறியிருந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கேயும் ஒப்பீட்டுக் குழு இல்லை, சும்மா விட்டாலும் ஒரு பகுதிப் புண்கள் தானே ஆறும். 2023-இல் அதே நாட்டில் மஞ்சளின் குர்குமினையும் ஒமிபிரசோலையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய சமம். அது புண் இல்லாத அஜீரணக்காரர்களிடம் செய்த ஆய்வு. நம் பத்திரிகைகள் அதை 'அல்சருக்கு மஞ்சள்' என்று எழுதினால் ஆச்சரியப்படாதீர்கள்.

எங்கள் பிள்ளைகளின் கட்டுரைகள் ஏன் மருந்தாகவில்லை என்றும் கேட்பீர்கள். மெத்தனாலில் ஊறவைத்து வடித்து, எலியின் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று கொடுத்திருப்போம். அதே இலையை வீட்டில் தண்ணீரில் கொதிக்கவைத்தால் அதே பொருள்கள் இறங்குவதில்லை. அடுத்த லாரியில் வருகிற இலையில் சத்து பாதிதான் இருக்கும். தரப்படுத்தப் பணமும் பத்து வருடப் பொறுமையும் வேண்டும். பிள்ளைகளுக்கோ மே மாதத்தில் டிகிரி முடிந்துவிடும்.

செல்வி, தேனி (மறுபடியும்): கோவித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, பிரண்டை?

எதற்குக் கோபம்? மணத்தக்காளியை ஆராய்ந்த அதே சென்னைக் குழு பிரண்டையையும் ஆராய்ந்தது, ஆஸ்பிரின் கொடுத்த எலிகளைக் காத்தது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, இளசாகப் பார்த்து நாரை உரித்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் போகிறவரை வதக்குங்கள். சரியாக வதங்காவிட்டால் தொண்டை அரிக்கும். அந்த அரிப்பை அடக்கத்தான் துவையலுக்குப் புளி வைக்கிறோம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புளியைக் குறைத்துத் தேங்காயைக் கூட்டிக்கொள்ளுங்கள்.