சமூகவியல் பேராசிரியர் ஏன் குற்றவியல் நடத்துகிறார்?

குற்றம் ஏன் நடக்கிறது, எதைக் குற்றம் என்கிறோம், சட்டம் யார்மீது பாய்கிறது என்று ஆராய்வதுதான் குற்றவியல். அமெரிக்காவில் இது பெரும்பாலும் சமூகவியல் துறைக்குள்தான் வளர்ந்தது.

அமெரிக்கக் குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லாந்தைப் பாருங்கள். 1913இல் சிகாகோவில் முனைவர் பட்டம். 1935 முதல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறைத் தலைவர். குற்றமும் பழகித்தான் வருகிறது என்பது அவர் வாதம். கடையில் சேரும் பையன் பொட்டலம் மடிப்பதோடு எடையில் அடிப்பதையும் முதலாளியிடமே கற்றுக்கொள்வதுபோல. குற்றத்துக்கு வறுமைதான் காரணம் என்றவர்களுக்குப் பதில் சொல்ல, 70 பெரிய நிறுவனங்களின் வழக்குகளைத் தோண்டினார். 1949இல் அந்த ஆய்வு புத்தகமாக வந்தபோது, வழக்குக்குப் பயந்து நிறுவனப் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டார்கள்! முழுப் பதிப்பு 1983இல்தான் வந்தது. அவர் இறந்தே 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்புறம், குற்றவியல் பேராசிரியர் கைரேகை பார்த்துத் திருடனைப் பிடிப்பவர் இல்லை; அது தடயவியல்.