பல் கட்டினால் ஆயுள் கூடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. பல வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. மேலும் கீழும் பல்செட்டுதான். ரொம்ப நாளைக்கு முன் செய்த கீழ் செட்டு இப்போது ஆடுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். குழைந்த சாதமும் ரசமும்தான் சாப்பாடு. ஒரு பல் மருத்துவமனையில் காட்டினோம். "பல் இல்லாதவர்களுக்கு ஆயுள் குறைவு. இம்ப்ளான்ட் வைத்தால் பத்து வருடம் கூடும்" என்றார்கள். தாடை எலும்புக்குள் திருகு இறக்கி, அதன்மேல் பல் பொருத்துவதுதான் இம்ப்ளான்ட்டாம். கீழ்த்தாடைக்கு மட்டும் நாலரை லட்சம். இந்த மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடியாம். நகையை அடகு வைத்துக் கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: இப்போதைக்கு நகையில் கை வைக்காதீர்கள். அம்மாவுக்கு மெல்லப் பல் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பத்து வருடப் பேச்சை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

பல் அதிகம் உள்ள முதியவர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது உண்மை. ஜப்பானில் 80 வயதிலும் 20 பல் இருக்க வேண்டும் என்று 1989 முதல் இயக்கமே நடத்துகிறார்கள். ஆனால் பல்லை இழப்பவர்கள் யார் என்று பாருங்கள். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள், வைத்தியம் பார்க்க வசதியில்லாதவர்கள்தான் அவர்களில் அதிகம். ஆயுளைக் குறைப்பதும் அதே காரணங்கள்தானே? பல் கட்டியதால் மட்டும் இத்தனை வருடம் கூடியது என்று யாரும் நிரூபித்ததில்லை. அப்படி வாக்குக் கொடுப்பது அநியாயம்.

நிஜமான பலன் சாப்பாட்டில் இருக்கிறது. மெல்ல முடியாதவர்கள் பச்சைக் காய், சுண்டல், கொட்டை, கறி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டுவிட்டு சாதம், இட்லி, டீயில் நனைத்த பன் என்று ஒதுங்கிவிடுவார்கள். சர்க்கரை உள்ளவருக்கு இதைவிட மோசமான மாற்றம் இல்லை. இதில் இன்னொன்றும் உண்டு: புதுப் பல் வந்தாலும் பழகிய சாப்பாடு தானாக மாறாது. இங்கிலாந்தில் புது செட்டோடு உணவு ஆலோசனையும் கிடைத்தவர்கள்தான் காய், பழம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பல் வந்த பிறகு அம்மாவின் தட்டையும் நீங்கள் மாற்ற வேண்டும்.

கீழ் செட்டு ஏன் ஆடுகிறது? பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துகொண்டே போகும். முதல் வருடத்திலேயே எலும்பின் அகலம் பாதியளவு குறைந்துவிடலாம். அதன் பிறகும் மெதுவாகக் குறையும். செட்டு அப்படியே இருக்க, அது உட்கார்ந்த மேடு சின்னதாகிவிட்டது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் பிடிமானம் உண்டு. கீழே அந்த வசதி இல்லை, நாக்கும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் கேட்க வேண்டியது, பழைய செட்டின் உள்பக்கத்தை நிரப்பிச் சரிசெய்ய முடியுமா, இல்லை புதிதாகச் செய்ய வேண்டுமா என்பதைத்தான். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம்.

அதிலும் பிடிமானம் வரவில்லை என்றால் நடுவழி ஒன்று உண்டு. கீழ்த்தாடையின் முன்பக்கம் இரண்டே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, கழற்றி மாட்டும் செட்டை அதன்மேல் பொருத்துவது. கீழ்ப்பல் முழுக்க இல்லாதவர்களுக்கு இதையே முதல் தேர்வாக வைக்கலாம் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். நாலு, ஆறு என்று இம்ப்ளான்ட் வைத்து நிலையாகப் பல் கட்டுவதைவிடச் செலவு நன்றாகவே குறையும். உங்களிடம் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்றால் வேறொரு மருத்துவரையும் பார்த்துவிடுங்கள்.

இம்ப்ளான்ட்டைக் குறை சொல்லவில்லை. 1965-இல் ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் முதன்முதலாக வைத்த நோயாளிக்கு அது 2006-இல் அவர் இறக்கும்வரை உழைத்தது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் எலும்போடு சேராமல் போகும் ஆபத்து கூடும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்காமல் தேதி குறிக்க விடாதீர்கள். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன், எலும்பு நிரப்புதல், தற்காலிகப் பல், திருகின் மேலே வரும் பல் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கமா? "வாழ்நாள் வாரண்டி" என்றால் பெரும்பாலும் உள்ளே போகும் திருகுக்கு மட்டும்தான். அதன்மேல் பொருத்தும் பல் உடைந்தால் யார் செலவு என்று கேளுங்கள். இம்ப்ளான்ட் பாக்கெட்டில் கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு வேறு ஊரில் பழுது பார்க்க அதுதான் உதவும்.

ஆயுளைப் பற்றித்தான் கவலை என்றால், காசு செலவில்லாத ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். இரவில் பல்செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். அம்மா தூங்கும்போது மேல் செட்டையும் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கட்டும்.

முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற உதவி எண்ணில் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு.