அப்பா பென்சிலால் டிக் அடித்துத் தருகிறார்

கேள்வி: எனக்கு 24 வயது. சிறுவயதில் சினிமாவில் நடித்தேன். தாத்தா தன் பங்குகளையும் கோவையில் ஒரு மனையையும் எனக்காக டிரஸ்டில் எழுதிவைத்தார். அமெரிக்கப் பணக்கார வாரிசு லீசல் பிரிட்ஸ்கர் சிம்மன்ஸ் மாதிரி, அதை ஏழைகளுக்குப் பயன்படும் தொழில்களில் முதலீடு செய்ய ஆசை. டிரஸ்டியான அப்பா வேண்டாம் என்கிறார். கணக்கெல்லாம் அவர்தான், நான் கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் டிக் அடித்துத் தருவார். அவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது?

பதில்: அன்பு மகளுக்கு,

சம்மதம் இருக்கட்டும், அந்தப் பென்சில் டிக்குக்கு வா. 18 முடிந்து ஆறு வருடமாக எதில் கையெழுத்துப் போட்டாய்? கடிதத்தில் ஒரு வரி இல்லை. சொத்து எவ்வளவு என்றும் இல்லை. எவ்வளவு என்றே தெரியாத பணத்தில் என்ன தர்மம்?

லீசலின் பின்பாதியை மட்டும் படித்திருக்கிறாய். ஹயாத் ஹோட்டல் குடும்பத்துப் பெண், ஹாலிவுட் குழந்தை நட்சத்திரம். 2002-ல், 18 வயதில், தன் டிரஸ்ட் சொத்தைக் கரைத்துவிட்டார்கள் என்று தந்தைமீதும் உறவினர்மீதும் வழக்குப் போட்டார். 2005-ல் சமரசம். கணவருடன் புளூ ஹேவன் இனிஷியேட்டிவ் என்ற சமூக நல முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியது 2012-ல். நீ கோர்ட்டுக்குப் போகாதே. பெற்றவர்மேல் வழக்கு, வேறு வழியே இல்லாதவர்களுக்கு. ஆனால் கணக்குக் கேட்பது அவமரியாதை இல்லை. 1882-ம் வருட இந்திய டிரஸ்ட் சட்டம் 19-வது பிரிவுப்படி, கேட்டால் காட்டுவது டிரஸ்டியின் கடமை. 57-வது பிரிவில் டிரஸ்ட் பத்திரத்தின் நகலும் எடுக்கலாம்.

முதலில் அந்த நகல். சொத்து எந்த வயதில் உன் கைக்கு வரும் என்று அதில் இருக்கும். அடுத்து, வருமான வரி இணையதளத்தில் உன் பான் எண்ணுக்கு ஏ.ஐ.எஸ். என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையை எடு; வட்டி, டிவிடெண்ட், விற்ற பங்கு எல்லாம் தெரியும். டிரஸ்டுக்குத் தனி பான் இருந்தால் அதற்கும் கேள். ஏழு வருடம் தொடர்ந்து வாங்காத டிவிடெண்ட், பங்கோடு சேர்ந்து அரசின் ஐ.இ.பி.எஃப். என்ற முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மனைக்கு வில்லங்கச் சான்று போடு. அடமானமோ விற்பனை ஒப்பந்தமோ வந்தால், டிக் அடித்த தாள்களில் ஒன்று எதுவென்று புரியும். பதியாத கடன் இதில் வராது. நான் யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனா என்று அப்பாவிடம் நேராகவே கேட்டுவிடு.

நடித்த சம்பளத்தைத் தோண்டாதே. அதில் 20 சதவீதமாவது குழந்தை பெயரில் வங்கி டெபாசிட் ஆக வேண்டும் என்ற விதி 2017-ல்தான் வந்தது. உன் காலத்தில் அது வீட்டுச் செலவுக்குப் போயிருந்தால் போகட்டும். உன்னோடு ஷூட்டிங் ஷூட்டிங்காக அலைந்தவர்கள் சாப்பிட்ட சோறு அது. தாத்தா எழுதியது வேறு, அதில் விட்டுக்கொடுக்காதே.

பத்திரமும் கணக்கும் கைக்கு வரும்வரை எந்த நிதியிலும் பணம் போடாதே. ஏ.ஐ.எஃப். எனும் மாற்று முதலீட்டு நிதிகளில் பொதுவாக ஒரு கோடிக்குக் குறைந்து வாங்கமாட்டார்கள், போட்டால் வருடக்கணக்கில் எடுக்க முடியாது. இன்னொன்று: பத்திரமும் சட்டமும் அனுமதிக்காத முதலீட்டில் நஷ்டம் வந்தால் டிரஸ்டி தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். உன் அப்பா வேண்டாம் என்றதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். பத்திரத்தைப் படித்துவிட்டு அவரிடமே கேள்.