இருபது ஏன் விடையில்லை?

வணக்கம் சார்,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இருபடிச் சமன்பாட்டைக் கொடுத்தால் மடமடவென்று காரணிப்படுத்திவிடுகிறாள். அதையே வார்த்தைக் கணக்காகக் கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். சமீபத்துத் தேர்வில் ஒரு கணக்கு: 30 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள அட்டையின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடக்கி, மூடியில்லாத பெட்டி செய்கிறோம். அடிப்பரப்பு 200 ச.செ.மீ. என்றால் வெட்டிய சதுரத்தின் பக்கம் என்ன? அவள் 5, 20 என்று இரண்டு விடை எழுதியிருந்தாள். 20-ஐ அடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். "மைனஸ் வந்தால்தானே தள்ளச் சொன்னாங்க, இது பிளஸ்தானே?" என்று கேட்கிறாள். என்ன பதில் சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

மகள் கேட்டது நியாயம். மதிப்பெண் குறைத்ததும் நியாயம். "மைனஸ் வந்தால் தள்ளு" என்கிற அந்த விதியில்தான் கோளாறு.

பக்கத்தை 'ப' என்று வைத்துக்கொள்வோம். (30 − 2ப)(20 − 2ப) = 200. விரித்து, 4-ஆல் வகுத்தால் ப² − 25ப + 100 = 0. அதாவது (ப − 5)(ப − 20) = 0. இதுவரை அவள் செய்தது அத்தனையும் சரி. இப்போது 20-ஐ முதல் வரியில் போட்டுப் பாருங்கள். நீளம் −10, அகலம் −20. இரண்டையும் பெருக்கினால் பிளஸ் 200! மைனஸ் வராமல் இல்லை, வந்து, பெருக்கலில் மறைந்துவிட்டது.

சமன்பாட்டுக்கு அட்டையும் தெரியாது, கத்தரிக்கோலும் தெரியாது. பெருக்கினால் 200 வர வேண்டும் என்று மட்டும்தான் நாம் அதனிடம் சொன்னோம். 20 செ.மீ. அகலத்தில் இரண்டு முனையிலும் வெட்ட வேண்டுமானால் ப பத்துக்குள் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே இல்லை. 0 < ப < 10 என்ற அந்த வரியும் கணக்கின் பகுதிதான். அதைச் சமன்பாட்டுக்கு முன்பே எழுதிவிட வேண்டும். விடை வந்த பிறகு யோசித்தால், வந்த விடைக்கு ஏற்றபடி காரணம் தேடத் தோன்றும்.

பழைய சிக்கல்தான் இது. 12ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் பாஸ்கராச்சாரியர் தம் 'பீஜகணிதம்' என்ற இயற்கணித நூலில் இரண்டு குரங்குக் கணக்குகள் தருகிறார். முதலாவதில், கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் குதித்து விளையாடுகிறது, மீதி 12 குரங்குகள் மலைமேல். விடை 48 அல்லது 16, இரண்டும் பொருந்துகின்றன. இரண்டாவதில், ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து வர்க்கப்படுத்தினால் வரும் அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்றே ஒன்றுதான் கிளையில் தெரிகிறது. இதற்கு 50, 5 என்று இரண்டு விடை. 5 முழு எண், பிளஸ் எண். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு 1, அதிலிருந்து 3 குரங்குகளை எப்படிக் குறைப்பது? −2 வர்க்கமானதும் 4 ஆகி, நல்ல பிள்ளையாக நிற்கிறது. பாஸ்கரர் 5-ஐ ஒதுக்கிவிடுகிறார். உங்கள் மகள் மாட்டிக்கொண்டதும் இதே இடத்தில்தான்.

உங்கள் பெட்டியிலேயே அடிப்பரப்புக்குப் பதிலாகக் கொள்ளளவு 1000 கன செ.மீ. என்று கொடுத்திருந்தால் இன்னும் சுவாரசியம். ப(30 − 2ப)(20 − 2ப) = 1000 என்பது முப்படிச் சமன்பாடு. விடைகள் 5, ஏறத்தாழ 2.93, ஏறத்தாழ 17.07. மூன்றும் பிளஸ். இதில் 5-உம் 2.93-உம் நிஜப் பெட்டிகள்: ஒன்று ஆழமானது, மற்றது தட்டையாக அகன்றது, இரண்டிலும் கொள்ளளவு ஒன்றே. 17.07-ஐ மட்டும்தான் தள்ள வேண்டும். "ஒரு விடையை வைத்துக்கொள், மற்றதைத் தள்ளு" என்று பழகிய பிள்ளை இங்கே நல்ல பெட்டி ஒன்றையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடும்.

(மைனஸ் விடைக்கும் சில சமயம் பொருள் உண்டு. முழு எண்கள் என்று கேட்டால், பெருக்கற்பலன் 132 வரும் அடுத்தடுத்த இரண்டு எண்கள் 11, 12 மட்டுமில்லை; −12, −11-உம்தான்.)

அப்புறம், பேனாவைக் கீழே வைத்துவிடும் விஷயம். எனக்கு இதுதான் பெரிய பிரச்சினையாகத் தெரிகிறது. முதலில் ப என்றே எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏதாவது ஓர் எண்ணை ஊகிக்கட்டும், 3 என்று வைப்போம். நீளம் 30 − 2×3 = 24, அகலம் 20 − 2×3 = 14, பரப்பு 336. தேவை 200, ஆகவே ஊகம் தப்பு. பரவாயில்லை, 336-ஐ எப்படிக் கண்டுபிடித்தாளோ அதே வரிகளில் 3 இருந்த இடத்தில் எல்லாம் ப போட்டால் சமன்பாடு தயார். கூட்டல் பெருக்கல் தெரிந்த யாருக்கும் இது வரும். 3-ஐப் பெருக்கி முடித்து 6 என்று எழுதிவிடக் கூடாது, 2×3 என்றே விட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பெரிய எண்ணையும் ஊகிக்கச் சொல்லுங்கள், 12 என்று. அகலம் 20 − 24 என்று வந்ததும் அவள் கை தானாக நின்றுவிடும். 10-ஐத் தாண்டக் கூடாது என்பதை அந்த இடத்திலேயே ஓரமாக எழுதிக்கொள்ளட்டும்.