அம்மியில் ஓடிய மஞ்சள் கோடு

கேள்வி: மாதக்கணக்கில் நடக்கும் மெதுவான நிலநடுக்கமும் உண்டு என்று வானொலியில் கேட்டேன். அது எப்படி? எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலுக்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சுவரை நினைத்துப் பயப்படாதீர்கள், சகோதரி. தோட்டத்து மண் மழையில் ஊறி வெயிலில் சுருங்கும். பழைய சுவர்கள் பெரும்பாலும் அதனால்தான் வெடிக்கின்றன. கொத்தனாரிடம் காட்டுங்கள்.

என் அம்மாவின் கருங்கல் அம்மியில் மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. மஞ்சள் அரைத்து அரைத்து அது மட்டும் மஞ்சள் கோடாகத் தெரியும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்து முடிப்பதற்குள் அது ஒரு விரல்கடை நீண்டுவிட்டது. பிறகு ஒரு நாள், மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது, 'டப்' என்று அம்மி இரண்டாகப் பிளந்தது. ஆண்டுக்கணக்கில் ஊர்ந்த அதே கீறல் ஒரு நொடியில் பாய்ந்துவிட்டது. கீறலின் நுனியில் ஈரம் புகுந்தால் கல்லின் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அவிழும். கீறல் நீள நீள நுனியில் இழுவிசை கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் ஈரத்துக்குக் காத்திராமல் தானே ஓடும்.

பூமிக்கடியில் பாறைத் தட்டுகள் உரசும் இடத்திலும் நுண்விரிசல்கள் சேர்ந்து சேர்ந்துதான் பிடி தளர்கிறது. நழுவ நழுவ உராய்வு குறையும் பாறையில் பிளவு நொடிக்கு 2, 3 கிலோமீட்டர் பாயும். வேகம் கூடும்போது உராய்வும் கூடினால் பிளவு நாளுக்குச் சில கிலோமீட்டர்தான் ஊரும். வீட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டுகூட அசையாது. இதுதான் நீங்கள் கேட்ட மெதுவான நிலநடுக்கம். ஜப்பானிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் ஜிபிஎஸ் கருவிகள்தான் இதைக் காட்டிக்கொடுத்தன.

ஊர்ந்தால் அழுத்தம் தீர்ந்துவிடும் என்று எண்ணக் கூடாது. ஊரும் பாறை தன் சுமையைப் பக்கத்துப் பாறை மேல் ஏற்றுகிறது. சுமத்திராவை ஒட்டிய சிமெலுவே தீவில், மர வளையம் போலப் பவளப்பாறையில் பதிந்த வளர்ச்சிக் கோடுகளை ஆராய்ந்தார்கள். அடியில் பாறை மெதுவாக ஊர்ந்ததால், 1829 முதல் 32 ஆண்டுகள் அங்கே நிலம் வழக்கத்தைவிட வேகமாகத் தாழ்ந்திருக்கிறது. அந்த மெதுவான நகர்வு முடிந்தது 1861-இல், ஒரு பெரும் நிலநடுக்கத்தில்.

அதே தீவுக்கு அருகே கடலடியில்தான் 2004 டிசம்பர் 26 அன்றைய பிளவும் தொடங்கி, சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. அந்த ஞாயிறு காலை 9 மணிக்கு எங்கள் மாரியம்மன் கோயிலின் தொங்குவிளக்கு காற்றே இல்லாமல் ஊசலாடியதைப் பார்த்தேன். திரியிலிருந்து எண்ணெய் சொட்டி என் கையில் விழுந்தது. அன்று மதியம் பினாங்குக் கரையைக் கடல் வாரிக்கொண்டு போனது.