எச்சத்துல எடுத்த டிஎன்ஏ: ஒரே விலங்கு ரெண்டா எண்ணப்படுதா?

காட்டுல கேமரா வெச்சு எண்ணினத விட எச்சத்து டிஎன்ஏ கணக்குல விலங்கு அதிகமா வருதுன்னு சொன்னீங்க. அதுக்கு அல்லீல் டிராப்அவுட் (டிஎன்ஏல ஒரு இடத்துக்கு இருக்கற ரெண்டு வடிவத்துல ஒண்ணு சோதனைல தெரியாம போறது) தான் பெரும்பாலும் காரணம்.

இனம் சரியா வந்துச்சே, அப்ப டிஎன்ஏ நல்லா தானே இருக்குன்னு கேட்டிருக்கீங்க. இனம் பாக்கறது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏல, ஒரு செல்லுல அது நூத்துக்கணக்கா இருக்கும். தனித்தனி விலங்க பிரிச்சுக் காட்டற மைக்ரோசேட்டிலைட்டுக்கு (ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வர்ற சின்ன டிஎன்ஏ பகுதி) ஒரு செல்லுல ரெண்டே காப்பி தான், வெயில் மழைல கிடந்த எச்சத்துல அதுல ஒண்ணு பிசிஆர்ல (டிஎன்ஏவ நகலெடுத்து பெருக்கற முறை) பெருகாம போயிடும், ரெண்டு காப்பியோட நீளம் 142/150ன்னு வர வேண்டியது 150/150ன்னு வரும், உடனே அது வேற விலங்குன்னு கணக்குல ஏறிடும்.

1. ஒரே ஒரு லோகஸ்ல (டிஎன்ஏல நாம பாக்கற ஒரு இடம்) மட்டும் வித்தியாசப்படற மாதிரி ஜோடிகள, அதாவது ரெண்டு ரெண்டு எச்ச சாம்பிள்கள, தனியா எடுங்க.

2. அதுங்கள தனித்தனி டியூப்ல திரும்ப ஓட்டுங்க. ஹெட்டரோசைகஸ்னா (142/150 மாதிரி ரெண்டும் வேற) ரெண்டு தடவ, ஹோமோசைகஸ்னா (150/150 மாதிரி ரெண்டும் ஒண்ணு) குறைஞ்சது மூணு தடவ ஒரே மாதிரி வந்தா தான் எழுதிக்கணும். நெகட்டிவ் கண்ட்ரோல (டிஎன்ஏ போடாம ஓட்டற டியூப்) தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

அடுத்த தடவ புது எச்சமா பாத்து வெளிப்பக்கத்த மட்டும் ஸ்வாப் பண்ணுங்க (பஞ்சுக் குச்சியால துடைச்சு எடுங்க), குடல் செல்லு அங்க தான் ஒட்டியிருக்கும், உள்ள போனா இரையோட டிஎன்ஏ தான் நிறைய.

ஆனா ஒரு லோகஸ் தானேன்னு திரும்ப ஓட்டாமலே ரெண்டையும் ஒண்ணா சேத்துடாதீங்க. கூடப்பிறந்த குட்டிகளும் அப்படித்தான் தெரியும், லோகஸ் கம்மின்னா இன்னும் மோசம், அப்புறம் இருக்கற விலங்கே கணக்குல காணாம போயிடும்.