பிரஷர் மாத்திரை போட்டால் வாய் ஏன் காய்கிறது?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்: "வயது 57. நாலு மாதமாக பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் 40, 'எச்' சேர்ந்தது. தும்மலுக்கு ராத்திரி ஒரு செட்ரிசின். வாய் எந்நேரமும் காய்கிறது. தட்டுவடை செட் தின்றால்கூட நடுவில் தண்ணீர் குடிக்காமல் இறங்குவதில்லை. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கட்டுமா?"

வேண்டாங்க. வாய் காய்வது தொந்தரவுதான், ஆனால் பிரஷர் ஏறினால் அது வாயோடு நிற்காது.

தட்டுவடை விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று. உலர்ந்த பண்டத்தைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா என்பது நாங்களும் கேட்கிற கேள்விதான். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறவேண்டும், அதற்கான தண்ணீரை சுரப்பிகள் ரத்தத்திலிருந்துதான் எடுக்கின்றன. உங்கள் அட்டையில் இருக்கும் அந்த 'எச்' ஹைட்ரோகுளோரோதையசைட், பெரும்பாலும் 12.5 மில்லிகிராம். உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளி பிரஷரைக் குறைக்கிற மருந்து, அதனால் சிலருக்கு எச்சில் குறைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். டெல்மிசார்ட்டான்மேல் எனக்கு அவ்வளவு சந்தேகமில்லை. பிரஷர் மருந்துகளில் வாயை ரொம்பவே காயவைப்பது குளோனிடின். மூளை வழியாக நரம்புச் சமிக்ஞையையே அடக்குவது அது. அதைத் திடீரென்று விட்டால் ஓரிரு நாளில் பிரஷர் எகிறும், ஜாக்கிரதை.

ஆனால் நான் முதலில் பிடிப்பது உங்கள் செட்ரிசினைத்தான். தூக்கத்தில் எச்சில் ஏற்கெனவே மிகக் குறைவாகத்தான் ஊறும், அந்த நேரம் பார்த்து அதையும் போட்டால் விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டாமல் என்ன செய்யும்? தும்மலுக்கு வேறு வழி இருக்கிறதா, 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாறலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். சர்க்கரையையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள், அதுவும் வாயைக் காயவைக்கும்.

அதுவரை தண்ணீரை மடமடவென்று குடிக்காமல் அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள் (இதயம், கிட்னி கோளாறுக்காக அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள்). ஏற்காட்டிலிருந்து வருகிற சிலர் குளிருக்குத் தண்ணீரே தொடாமல் காப்பியிலேயே நாளை ஓட்டுவார்கள், அவர்களுக்கும் இதே கதைதான். புளிப்பு மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறும், உண்மை. கூடவே பல்லும் போகும், ஏனென்றால் அமிலத்தைக் கழுவிவிட எச்சில் போதாது. ஈறு ஓரமாகப் பல் சொத்தையாவது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுங்கள், ஃபுளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை தேயுங்கள்.

சாப்பிட உட்கார்ந்ததும் தாடைக்கு அடியில் வீங்கி வலித்து, அப்புறம் வடிந்தால் அது வெறும் வறட்சி இல்லை. அங்கே சுரப்பியின் குழாய் மேல்நோக்கிப் போவதால் கெட்டியான எச்சில் தேங்கிக் கல் கட்டும். காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே காட்டுங்கள். போகும்போது மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையோடு எடுத்துப் போங்கள், அந்தத் தும்மல் மாத்திரையையும் சேர்த்து.